மனிதன் என்று எழுதிய அலமாரி

பூட்டுக்காரருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. அதைக் குணம் என்பதைவிடத் தொழில் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் கடையைத் திறந்ததும் வருகிற ஆள், "சாவி தொலைஞ்சு போச்சு, என் வீடுதான், வந்து திறந்து விடுங்க" என்பான். அவன் வீடுதானா என்று யார் கண்டது? பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து ஆமாம் என்று தலையாட்டினாலும், மூன்று பேரும் கூட்டுக் களவாணிகளாக இருக்கலாம் அல்லவா? இப்படியே யோசித்து யோசித்து, சொந்த வீட்டுக் கதவைத் திறக்கும்போதுகூட ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிற நிலைக்கு வந்திருந்தார். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி மாதக்கணக்கில் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. பல் மருத்துவரிடம் போகவில்லை. எடுத்த எடுப்பில் வாயைத் திறக்கச் சொல்கிற ஆளை எப்படி நம்புவது என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவரை உயிர்ப் பெயரவையிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

பெயரவை ஒரு பழைய கட்டடம். நீண்ட தாழ்வாரம், இருபுறமும் ஆளைவிட உயரமான மர அலமாரிகள், எங்கே நின்றாலும் மூக்கைத் துளைக்கிற ஸ்பிரிட் வாடை. உலகத்தில் உயிரோடிருக்கும் எல்லாவற்றுக்கும் பெயர் வைப்பது அவர்கள் வேலை. வைத்த பெயருக்கு அத்தாட்சியாக அந்த இனத்தில் ஒன்றைப் பிடித்து, ஜாடியில் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அதற்கு மூல மாதிரி என்று பெயர். பிறகு அந்த இனம் என்று சொல்லிக்கொண்டு வருகிற எதுவும் ஜாடியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் தவறு ஜாடியுடையது அல்ல.

வாசலருகே ஒரு பறவை இருந்தது. 'காலில்லாப் பறவை' என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள். வெகு காலத்துக்கு முன் அதைப் பிடித்தனுப்பிய வியாபாரி, பெட்டிக்குள் அடங்கவில்லை என்று காலை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறான். அவை அதைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டது. பிற்பாடு அதே பறவைகள் இரண்டு காலோடு கூட்டங்கூட்டமாகப் பறந்து வந்தன. பெயரவை நன்றாக யோசித்து, கால் இருப்பது அந்தப் பறவைகளின் ஒழுங்கீனம் என்று தீர்மானம் போட்டது.

அலமாரிகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளர் பூட்டுக்காரரைக் கடைசி அலமாரியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மெலிந்த மனிதர். பேசும்போது எதிரே இருப்பவரைப் பார்க்காமல் அவர் சட்டைப் பொத்தானைப் பார்ப்பார். அலமாரியில் வெள்ளை எழுத்தில் 'மனிதன்' என்று எழுதியிருந்தது.

"வெள்ளையடிக்கறதுக்காக எல்லா அலமாரியையும் நகத்தினோம்" என்றார் காப்பாளர். "நத்தை அலமாரிய நகத்த ஆறு பேர் வேண்டியிருந்தது. இத ஒருத்தன் பீடி குடிச்சுக்கிட்டே நகத்திட்டான்."

"சாவி எங்க?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் எனக்குக் குடுக்கல. அவருக்கு முன்னாடி இருந்தவர் அவருக்குக் குடுக்கல."

"அப்ப இத்தன வருஷமா உள்ள இருக்கறத எப்படிப் பாத்தீங்க?"

"பாக்கணும்னு விதியில்ல. வருஷத்துக்கு ஒரு தடவ 'நல்ல நிலையில் உள்ளது'ன்னு எழுதணும். அத ஒரு வருஷங்கூட விட்டதில்ல."

பூட்டுக்காரர் கம்பியை எடுத்தார். காப்பாளர் கையை நீட்டித் தடுத்தார். இந்த அலமாரியைத் திறக்கத் தலைவரின் எழுத்து உத்தரவு வேண்டும். தலைவரே நேரில் வந்து வாயால் சொன்னாலும் செல்லாது என்றார். தலைவர் நேரில் வந்து பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். பருத்த உடம்பு, பளபளவென்று முழுக்கப் பொய்ப்பல். "நான் போட்ட விதி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அறைக்குத் திரும்பிப் போய், நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு எழுதி, முத்திரை குத்தி, எடுத்துக்கொண்டு மறுபடி வந்தார்.

பூட்டு பெரிய எதிர்ப்பொன்றும் காட்டவில்லை. கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஓர் அந்துருண்டை உருண்டு வந்து தலைவரின் செருப்பில் முட்டி நின்றது. வேறெதுவும் இல்லை.

காப்பாளர்தான் முதலில் சமாளித்துக்கொண்டார். "நான் கையெழுத்துப் போட்ட வருஷத்துல எல்லாம் உள்ளதான் இருந்திருக்கும்" என்றார். "அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

தலைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நாலு பேர் கூடினால் அவருக்குச் சொற்பொழிவு தானாக வந்துவிடும்.

"மனுஷன்னு ஒரு இனம் இருக்குன்னு உலகம் நம்பிக்கிட்டிருக்கு. எத வச்சு நம்புது? இந்த அலமாரிய வச்சு. இது காலின்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்குத் தெருவுல நடக்கறது எல்லாம் பேரில்லாத பிராணி. கொசுவுக்கு அத்தாட்சி இருக்கு, மூட்டப்பூச்சிக்கு இருக்கு, மனுஷனுக்கு இல்ல. வெளியூர் அவைக்காரன் சிரிப்பான்யா! அவனும் மனுஷன் இல்லதான், ஆனா சிரிப்பான்."

பேசி முடித்துவிட்டுத் தலைவர் பூட்டுக்காரரைப் பார்த்தார். காப்பாளரும் பார்த்தார். தலையிலிருந்து கால்வரைக்கும், பிறகு காலிலிருந்து தலை வரைக்கும்.

"உக்காருங்க" என்றார் தலைவர். "நாற்காலி கொண்டாங்கய்யா. மெத்த போட்ட நாற்காலி. டீ சொல்லுங்க."

பூட்டுக்காரருக்கு உள்ளுக்குள் மணியடித்தது. இத்தனை வருடத் தொழிலில் பூட்டைத் திறந்ததற்காக யாரும் அவருக்கு நாற்காலி போட்டதில்லை. டீயை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, வலிக்காத பக்கமாகக் குடித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் மனுஷங்கதானே? உங்கள்ல ஒருத்தர் அத்தாட்சியா இருக்கக் கூடாதா?" என்றார் பூட்டுக்காரர்.

இரண்டு பேருக்கும் அந்தக் கேள்வியே புரியவில்லை. "பேர் வைக்கிறவன் வேற, பேர் வைக்கப்படறது வேற" என்று தலைவர் பொறுமையாக விளக்கினார். "அவையோட அஸ்திவாரமே அதான்."

அதற்குமேல் அவர் என்ன சொல்லியும் எடுபடவில்லை. காப்பாளர் டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தார். முதலில் உயரம், பிறகு காது, மூக்கு, கட்டைவிரல், ஒரு தோளிலிருந்து மறு தோள். கழுத்தில் ஒரு மரு இருந்தது. "மனிதனுக்குக் கழுத்தில் மரு உண்டு" என்று எழுதினார். வாயைத் திறக்கச் சொன்னார். பூட்டுக்காரர் மாட்டேன் என்றார். தலைவர் வேறெதையோ கேட்பதுபோலக் கேட்டு, அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது காப்பாளர் பார்த்துக்கொண்டார். "கடைவாயில் கறுத்த பல் ஒன்று. லேசான நாற்றம்."

பிறகு அவருடைய கால் பெருவிரலில் ஒரு சீட்டைக் கட்டி அரக்கு வைத்தார்கள். அவருடைய கருவிப் பையிலும் ஒரு சீட்டு: 'மாதிரியோடு வந்த பொருள்.' அதற்கு முன், பழைய பூட்டு பாழாகிவிட்டது என்று அலமாரிக்குப் புதுப் பூட்டு ஒன்றையும் அவரைக் கொண்டே மாட்டிக்கொண்டார்கள். "இது இழுத்துச் சாத்தினா தானா விழுந்துரும். உள்ளேருந்து திறக்க வராது. ஒரே சாவிதான்" என்று சொல்லிப் பூட்டுக்காரர் சாவியை நீட்டினார். காப்பாளர் பாம்பைக் கண்டதுபோல் கையைப் பின்னுக்கு இழுத்தார். சாவியை வாங்கவும் உத்தரவு வேண்டுமாம். அது தனி விண்ணப்பமாம். ஆகவே சாவி பூட்டுக்காரர் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. கருவிப் பை மட்டும் அவையில் மாட்டிக்கொண்டது. அந்தப் பை இல்லாமல் அவரால் ஒரு தாழ்ப்பாளைக்கூடக் கழற்ற முடியாது. அவர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

வீட்டில் அவர் மனைவி தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தார். துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"கால்ல என்னங்க அது?"

"சீட்டு."

"எதுக்கு?"

"நான் மனுஷன்ங்கிறதுக்கு."

மனைவி இயந்திரத்தை நிறுத்தினார். நடந்ததை முழுவதும் கேட்டார். அளவெடுத்தார்கள் என்றதும் எழுந்தே விட்டார்.

"நான் அளவெடுத்தா சட்ட தைப்பேன். அவங்க எதுக்குங்க உங்களுக்கு அளவெடுக்கறாங்க? தோள்பட்ட எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க."

"உயரம்?"

"அதத்தான் முதல்ல எடுத்தாங்க."

"இடுப்ப விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க."

"சட்டையும் இல்ல, கால்சட்டையும் இல்ல. அப்ப அது உங்கள உடுத்தறதுக்கு எடுத்த அளவு இல்லங்க, உங்கள உள்ள வைக்கிறதுக்கு எடுத்த அளவு" என்றார் மனைவி. "நாளைக்கு நானும் வர்றேன்."

பூட்டுக்காரர் கதவை உள்ளே தாழிட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். போதாக்குறைக்குப் பல்லும் விண்விண்ணென்று தெறித்தது. வலி தாங்காமல், கட்சியைக் கைவிட்டு, மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பக்கத்துத் தெருப் பல் மருத்துவரிடம் போனார். மருத்துவர் வாயைப் பார்ப்பதற்கு முன்பாகக் காலைப் பார்த்தார். "நீங்கதானா அது?" என்றார். "மூல மாதிரியில கை வைக்கக் கூடாதுன்னு பெயரவையிலிருந்து விடிஞ்சதும் வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க. மன்னிச்சுக்கோங்க, உங்க பல்லு இப்ப பொதுச் சொத்து." முடி வெட்டிக்கொள்வதற்கும் தடை இருப்பதாகத் தெரிந்தது. நகத்தைப் பற்றி இன்னும் விவாதம் நடந்துகொண்டிருந்தது.

பையை வாங்கி வருவது என்று கணவனும் மனைவியும் கிளம்பினார்கள். அவையின் கூட்ட அறையில் உறுப்பினர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். அவர்களில் இரண்டு கட்சி உண்டு: சேர்ப்போர், பிரிப்போர். சேர்ப்போருக்கு எதைப் பார்த்தாலும் ஒன்றாகத் தெரியும். பிரிப்போருக்கு முட்டையிட்ட கோழியும் அந்த முட்டையிலிருந்து வந்த குஞ்சும் வேறு வேறு இனம். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே கூஜாவிலிருந்து தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

பூட்டுக்காரரை மேடையில் ஏற்றி நிறுத்தி, காப்பாளர் எழுதியதைப் படித்தார். கழுத்தில் மரு இல்லாதவர்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் பிரிப்போரில் ஒருவர் கீழே நின்றிருந்த மனைவியைக் கண்டுவிட்டார்.

"இந்த அம்மாவுக்கு மீசையில்ல. மருவும் இல்ல. உயரமும் ஒத்துப்போகல. இவங்க தனி இனம்."

"தனி இனமில்ல" என்று சேர்ப்போரில் ஒருவர் எழுந்தார். "அதே இனந்தான். ஆனா சரியா வளரல."

"நான் இவரோட பொண்டாட்டி" என்றார் மனைவி.

"அது உறவு, இனமில்ல" என்றார் தலைவர். "கவலப்படாதீங்கம்மா. உங்கள நிலுவையில வச்சிருக்கோம். தவளைய அப்படித்தான் ரொம்ப நாள் நிலுவையில வச்சிருந்தோம், அதுக்கு ஒண்ணும் ஆகல."

"எத்தன நாளைக்கு நிலுவையில இருக்கணும்?"

"அவை முடிவு பண்ற வரைக்கும்."

"தவளைக்கு முடிவாச்சா?"

"முடிவாச்சு. ஆனா அதுக்குள்ள அந்தக் குளத்த மூடிட்டாங்க."

மனைவி பதில் சொல்ல வாயெடுத்தபோது வெளியே கைவண்டிச் சத்தம் கேட்டது. நாலு பேர் மூச்சு வாங்க எதையோ இறக்கித் தாழ்வாரத்தில் உருட்டிக்கொண்டு வந்தார்கள். வைக்கோலைப் பிரித்ததும் கண்ணாடி பளபளத்தது. ஒரு ஜாடி. அதன் மூடியைத் திறந்து மூட ஏணி வைக்க வேண்டும். மனைவி ஒருமுறை ஜாடியைப் பார்த்தார், ஒருமுறை கணவனைப் பார்த்தார். தையல்காரக் கண்ணுக்கு டேப் தேவைப்படவில்லை.

"இது உங்க அளவுங்க" என்றார் மெதுவாக.

சந்தேகம் சரியாகப் போனதில் பூட்டுக்காரருக்கு உள்ளூர ஒரு சின்னத் திருப்தி இருந்ததை மறைப்பதற்கில்லை. மேடையிலிருந்து இறங்கித் தலைவர் எதிரில் போய் நின்றார்.

"என்ன அதுல போடப் போறீங்களா?"

"சேச்சே" என்றார் தலைவர். "உடனே யாரு சொன்னா? நாங்க என்ன கொலகாரங்களா? உங்க வசதிப்படி. நீங்க உயிரோட இருக்கற வரைக்கும் இருக்கலாம், அத யாரு தடுக்கறது? மழக்காலத்துக்கு முன்னாடி முடிஞ்சா நல்லது, அவ்வளவுதான். அப்புறம் ஸ்பிரிட்டு ஈரம் புடிச்சுரும்."

"நான் மாட்டேன்."

"யோசிச்சுப் பாருங்க. வெளிய நீங்க ஒரு பூட்டுக்காரர். உள்ள நீங்கதான் மனுஷகுலம். எவனுக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு? எனக்குக் கிடைச்சா நான் விட மாட்டேன். அதுக்கு விதி இல்ல, அதனாலதான் வெளிய நிக்கிறேன்."

கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்து மனைவி கேட்டார்.

"ஐயா, முழு ஆளாத்தான் வேணுமா? ஒரு பகுதி போதாதா?"

தலைவர் காப்பாளரைப் பார்த்தார். காப்பாளர் தலைவரின் பொத்தானைப் பார்த்தார். விதியைக் கேட்டால் மறைக்கக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது.

"முழுசாக் கிடைக்காத பட்சத்துல பகுதி போதும்" என்றார் காப்பாளர் சுரத்தில்லாமல். "திமிங்கலத்துக்கு ஒரு விலா எலும்புதான் வச்சிருக்கோம்."

"அப்ப இவர் முழுசாக் கிடைக்கலன்னு எழுதிக்கோங்க."

"கண்ணு முன்னாடி நிக்கிறாரே!"

"நிக்கிறாரு. நான் குடுக்க மாட்டேன். குடுக்கலன்னா கிடைக்கலன்னுதானே அர்த்தம்?"

அவை அரைமனதாக ஒப்புக்கொண்டது. எந்தப் பகுதி என்று கேள்வி வந்தது. காப்பாளர் தலையைச் சிபாரிசு செய்தார். மனைவி பல்லைச் சொன்னார். தலைக்கும் பல்லுக்கும் இடையே கொஞ்ச நேரம் பேரம் நடந்தது. கடைசியில், பல்லும் தலையில்தானே இருக்கிறது என்று சேர்ப்போரில் ஒருவர் எடுத்துச் சொல்ல, பிரிப்போர் அதை எதிர்க்க, இரண்டு கட்சியும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மனைவி போய், அவையே கேட்டதாகச் சொல்லிப் பல் மருத்துவரைக் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

பூட்டுக்காரர் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடவில்லை, இருக்கிற கூட்டத்தில் கண்ணை மூட அவருக்குத் துணிச்சல் இல்லை. ஒரு இழுப்பு. அவ்வளவுதான். மாதக்கணக்கில் மண்டையைக் குடைந்த வலி நின்றுபோனது. அவருக்குக் கண்ணீர் வந்தது. முன்பே போயிருக்கலாமே என்று தன்மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது.

ஆளுயர ஜாடி நிறைய ஸ்பிரிட் ஊற்றி, ஏணியில் ஏறி, பல்லை உள்ளே போட்டார்கள். அது ஆடி ஆடிக் கீழே போய் ஒரு மூலையில் உட்கார்ந்தது. தலைவர் உத்தரவு எழுதிவர, பூட்டுக்காரரின் சாவியால் அலமாரியைத் திறந்து ஜாடியை ஒரு பக்கமாக வைத்தார்கள். பழைய விவரிப்பு ரத்தாயிற்று. தலைவர் பல்லைப் பார்த்துப் புது விவரிப்பை உரக்கச் சொன்னார்:

"மனிதன். சிறியது. வெளிப்புறம் கடினமானது, உட்புறம் பொள்ளலானது. ஒரு பக்கம் கறுத்திருக்கும். நாற்றமுடையது. அருகில் இருப்பவற்றுக்கு வலி உண்டாக்கக்கூடியது. பிடுங்கினால் ஒழியப் போகாது."

இவ்வளவு துல்லியமான விவரிப்பை இதுவரை கேட்டதில்லை என்று உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

"என் பையக் குடுங்க, நான் கெளம்பறேன்" என்றார் பூட்டுக்காரர், பஞ்சு அடைத்த வாயோடு.

"குடுக்கறோம். மனுஷனோட பை மனுஷனுக்குத்தான் போகணும்" என்றார் காப்பாளர். "மூல மாதிரியோட ஒரு தடவ ஒப்பிட்டுப் பாத்துட்டாப் போதும்."

வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். ஜாடியைப் பார்த்தார். திரும்பவும் வாயைப் பார்த்தார். பல் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம்தான் இருந்தது. இவர் சிறியவர் இல்லை. பொள்ளல் இருக்கிறதா என்று முதுகில் தட்டிப் பார்த்தார், அதுவும் உறுதிப்படவில்லை.

"ஒத்துப்போகல" என்றார் காப்பாளர். "பல்லு மனுஷன்தான், அதுல சந்தேகமில்ல. இவர் என்னன்னு தெரியல."

தலைவர் பாய்ந்து வந்தார். வாழ்நாள் முழுவதும் எத்தனையோ உயிருக்குப் பெயர் வைத்தவர், தன் பெயரில் ஒரு நல்ல உயிர் இல்லையே என்கிற ஏக்கம் அவருக்கு உண்டு. முந்தைய தலைவர் இவர்மேல் இருந்த கடுப்பில் சாக்கடையோரத்து நாற்றச் செடி ஒன்றுக்கு இவர் பெயரை வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை மாற்ற வழியில்லை. முதலில் வைத்த பெயர்தான் நிற்கும்.

"புது இனம்!" என்றார். "மனுஷன் மாதிரியே இருக்கு, ஆனா மனுஷன் இல்ல! நடக்குது, டீ குடிக்குது! இதுக்கு என் பேரத்தான் வைக்கப்போறேன். யாருக்கும் மறுப்பு உண்டா?"

மறுப்பில்லை. பிரிப்போர் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள்.

"ஆனா புது இனத்துக்குப் பகுதி பத்தாது" என்றார் காப்பாளர். "முழு உடம்பு வேணும்."

மனைவி பூட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் பின்னால் நகர, முதுகில் நத்தை அலமாரி இடித்தது. முன்னால் அவை முழுவதும் அரை வட்டமாக நின்றது. மூன்று பேரும் கூட்டுக் களவாணி என்று சந்தேகப்பட்டே காலம் தள்ளியவருக்கு இது முப்பது பேர். இனி தப்ப வழியில்லை என்றுதான் அவர் நினைத்தார்.

"பயப்படாதீங்க" என்றார் தலைவர், குழந்தையிடம் பேசுகிற குரலில். "பல்லு பக்கத்துலயே எடம் இருக்கு. தனியா இருக்க வேண்டியதில்ல, உங்க பல்லுதானே. இன்னொரு ஜாடி வர்ற வரைக்கும் சும்மா நிக்கலாம். காத்து வருது, கீழ இடுக்கு இருக்கு. எவ்வளவு வசதின்னு பாருங்க, நானே காட்டறேன்."

அலமாரிக்குள் ஏறி நின்றார். ஜாடியில் கையை ஊன்றிச் சாய்ந்து காட்டினார். "பாத்தீங்களா? கை கால நீட்டலாம். இருட்டா இருக்குமேன்னு கேப்பீங்க. சாத்திப் பாத்தாத்தானே தெரியும்?"

"ஐயா, அத இழுக்காதீங்க!" என்று பூட்டுக்காரர் கத்தினார்.

தலைவர் இழுத்துச் சாத்திவிட்டார். பூட்டு கிளிக்கென்று விழுந்தது. பூட்டுக்காரரின் வேலை எப்போதும் சுத்தமாக இருக்கும்.

"ரொம்ப இருட்டு இல்ல" என்றது உள்ளிருந்து ஒரு குரல். பிறகு, "திறங்க."

பூட்டுக்காரருக்கு அந்த ஆள்மேல் எவ்வளவு கோபமிருந்தாலும், பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒருவர் திறங்க என்று சொன்னால் கை தானாகச் சாவிக்குப் போய்விடும். சட்டைப் பையிலிருந்து எடுத்து முன்னால் போனார். காப்பாளர் குறுக்கே வந்து நின்றார்.

"கைய எடுங்க. தலைவரோட எழுத்து உத்தரவு வேணும்."

"தலைவர்தானே உள்ள இருக்கார்!"

"அதனாலதான் வாயால சொன்னது செல்லாதுங்கறேன்."

உள்ளே இருந்தவர் நல்ல வேளையாகக் காகிதமும் பேனாவும் வைத்திருந்தார். இருட்டிலேயே எழுதிக் கீழ் இடுக்கு வழியாகத் தள்ளினார். காப்பாளர் குனிந்து எடுத்து, விளக்கருகே கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்து அவரோடதுதான்" என்றார் காப்பாளர். "ஆனா போட்டது அலமாரிக்குள்ளேருந்து. எது எந்த அலமாரியில இருக்கோ, அந்த அலமாரி மேல எழுதியிருக்கறதுதான் அது. உள்ள இருக்கறது மூல மாதிரி. மூல மாதிரி கையெழுத்துப் போட விதியில்ல."

"யோவ், அது நான் போட்ட விதிய்யா!" என்று அலமாரி அலறியது.

"நல்ல விதிங்க ஐயா" என்றார் காப்பாளர் பணிவாக.

சேர்ப்போர், பல்லும் ஆளும் ஒன்றுதான், ஆகவே மாதிரி முழுமையடைந்துவிட்டது என்றார்கள். பிரிப்போர், பல் வேறு ஆள் வேறு, ஆனால் தலைவருக்கு இருப்பது பூராவும் பொய்ப்பல்லாகையால் அவர் பல்லோடு எதிலும் முரண்படவில்லை என்றார்கள். அவையின் சரித்திரத்தில் இரண்டு கட்சியும் ஒரே தீர்மானத்துக்குக் கை தூக்கியது அன்றைக்குத்தான். வேறு தலைவரைப் போட்டுத் திறக்கலாமே என்று மனைவி கேட்டுப் பார்த்தார். தலைவர் பதவி காலியாகவில்லை, அவர் கட்டடத்துக்குள்தான் இருக்கிறார் என்று பதில் வந்தது.

காப்பாளர் கத்தரிக்கோலால் பூட்டுக்காரரின் காலில் கட்டியிருந்த சீட்டை வெட்டினார். பையைக் கையில் கொடுத்தார். "புது இனத்துக்குப் பேர் வைக்கணும்னா தலைவர் வேணும். அவர் இப்ப அந்த நிலையில இல்ல. அதனால நீங்க இப்போதைக்கு எதுவுமில்ல. போகலாம்."

எதுவுமில்லை என்று ஒருவர் சொல்லிக் கேட்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. கணவனும் மனைவியும் தெருமுனை திரும்பும்வரை ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மனைவி அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"பல்லு போனா போகுதுங்க. மிச்சம் எல்லாம் இருக்கா?"

"இருக்கு" என்றார் அவர். பிறகு, "சாவியும் இருக்கு" என்றார்.

அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆள் தன்னை ஸ்பிரிட்டில் போடப் பார்த்தவன்தான், ஆனாலும் பூட்டு தன்னுடையது அல்லவா? மறுநாள் சாவியை எடுத்துக்கொண்டு அவைக்குப் போனார். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த வாரமும் போனார். சாவியையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அதற்கான விண்ணப்பம் தலைவரின் பார்வைக்காக இடுக்கு வழியாகத் தள்ளப்பட்டிருப்பதாகவும், அவர் அதில் எழுதிக்கொடுத்த பதில் விதிப்படி செல்லாது என்பதால் கோப்பில் போட்டிருப்பதாகவும் சொன்னார்கள். வேளாவேளைக்குத் தட்டு உள்ளே போகிறதாம். காலி பண்ணி வெளியே தள்ளிவிடுகிறாராம். அவையின் வேலை எதுவும் தடைப்படவில்லையாம். முன்னைவிட வேகமாகவே நடக்கிறது என்றார் காப்பாளர், பூட்டுக்காரரின் பொத்தானைப் பார்த்துக்கொண்டு.

அந்த வருட அறிக்கையைக் காப்பாளர் பூட்டுக்காரருக்கே படித்துக் காட்டினார். 'மனிதன் அலமாரி: மாதிரி உள்ளே உள்ளது. நல்ல நிலையில் உள்ளது. அவ்வப்போது சத்தம் போடுகிறது.' அந்த அலமாரியைப் பற்றி அவை எழுதியதில் முதல் உண்மை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பூட்டுக்காரர் சாவியை வீட்டு வாசல் பக்கத்து ஆணியில் மாட்டிவைத்தார், கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் யாராவது வந்தாலும் மனைவி எடுத்துக் கொடுக்க வசதியாக. உத்தரவு இருக்கிறதா, அவையிலிருந்துதான் வருகிறார்களா, பொய்யா நிஜமா என்றெல்லாம் பார்க்க வேண்டாம், யார் கேட்டாலும் கொடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறார். யாரையும் நம்பாத மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக அப்படிச் சொன்னார்.

இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.